கரும்படகர் ஏன் வந்தார்கள்?

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கென்று ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். வாளும் மந்திரமும் அரச பரம்பரையுமாக நீண்டுகொண்டு போகிற ஃபேன்டஸி நாவல்களிலிருந்து ஒரு கேமுக்கு எவற்றை எடுக்கலாம், எவற்றை விடலாம் என்பது நீங்களே தந்த தலைப்பு. பதினொரு வருடம் உங்கள் கேம் கம்பனிக் கந்தோரில் கதை எழுதியவன் நல்ல ஆலோசனை பத்துச் சொல்லுவான், அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம் என்று எண்ணியிருப்பீர்கள். என்னிடமும் அப்படிப் பத்து இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் அவற்றில் ஒன்றும் வருவதில்லை. நான் செய்த ஒரு கேவலமான காரியம்தான் முன்னால் வந்து குந்திக்கொண்டு எழும்ப மாட்டேன் என்கிறது. ஆகவே அதையே எழுதுகிறேன். ஆலோசனை வேண்டுமென்றால் அதற்குள் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் அநேகர் என்னைக் கண்டதில்லை. மருதனார்மடத்துக்குக் கிட்ட செம்மண் தோட்டக்காரக் குடும்பம். நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் இருபது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் ஒருவன் விட்டுவிட்டுப் போன தலையணை மொத்தப் புத்தகத்தில் தொடங்கியது என் வியாதி. முன்பக்கத்தில் இல்லாத நாடொன்றின் வரைபடம், பின்பக்கங்களில் இல்லாத அரசர்களின் வம்சாவளி. அதற்குப் பிறகு அந்த வகைப் புத்தகம் எங்கே கண்டாலும் விடமாட்டேன். ஆனால் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்கிற மாஸ்ரர் டிராகன் படம் போட்ட அட்டையோடு திரிந்தால் தாய்தகப்பன் என்ன நினைப்பார்கள்? பிறவுண் பேப்பர் உறை போட்டு, இலக்கணப் புத்தகம் மாதிரி வைத்து வாசித்தேன்.

என்னிடம் படித்த ஒருவர் வெளிநாட்டில் கேம் கம்பனியில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து, நல்லூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டின் மேல்தட்டை எடுத்து, ஏழெட்டுப் பேரோடு தொடங்கியதுதான் உங்கள் கந்தோர். உறைக்குள்ளே என்ன இருந்தது என்பது அவருக்கு அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. "அந்தப் புத்தகங்களைக் கரைச்சுக் குடிச்ச ஆள் எனக்கு வேணும் சேர்" என்று வந்து கேட்டார். ஐம்பது வயதில் நான் வேலை மாறினேன். வீட்டில் இரண்டு கிழமை ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

இந்தக் கேம்கள் அந்த நாவல்களின் வயிற்றில் பிறந்தவைதான். வரைபடம் அங்கிருந்து வந்தது. வேறு வேறு திறமையுள்ள நாலைந்து பேர் சேர்ந்து புறப்படுகிற பயணம் அங்கிருந்து வந்தது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு குணம், ஒவ்வொரு வாளுக்கும் ஒரு சரித்திரம், எல்லாம் அங்கிருந்துதான். இதைத் தெரிந்துகொண்ட பெருமையில் நான் முதல் கேமுக்கு அறுபது பக்கத்தில் ஓர் அரச வம்சத்தின் வரலாறு எழுதினேன். எந்த அரசன் எந்தக் கிணற்றை வெட்டினான், எந்த அரசி எதற்காகக் கோபித்துக்கொண்டு போனாள் என்பது வரை இருந்தது. விளையாடிப் பார்த்தவர்கள் ஒருவர் தவறாமல் அதைத் தாண்டும் பொத்தானை அழுத்தினார்கள். கந்தோரைத் தொடங்கிய அந்தப் பழைய மாணவர்தான் எங்கள் பொறுப்பாளர்; அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், நாவல் வாசிக்கிறவர் நம்மோடு கூட நடந்து வருவார், கேம் விளையாடுகிறவர் நம்மை விட்டுவிட்டுத்தான் நடப்பார் என்று. அந்தப் பிழையை நான் கலியாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பேன். இனிச் சொல்லப் போவதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

நாவலில் 'பொழுது சாய்வதற்குள் எதிரிகளில் ஆயிரம் பேர் விழுந்தார்கள்' என்று ஒரு வரி வரும். வாசிக்கிறவர் அதைக் கடந்து அடுத்த பக்கம் போய்விடுவார். கேமில் அப்படித் தப்ப முடியாது. அந்த ஆயிரம் பேரையும் விளையாடுகிறவர் தன் கையால் ஒவ்வொருவராக விழுத்த வேண்டும். ஆகவே அவர்களுக்கு முகம் செய்ய வேண்டும், நடை செய்ய வேண்டும், குரல் கொடுக்க வேண்டும். வெட்டு விழும்போது என்ன சத்தம் போடுவார்கள் என்று யாரோ ஒருவர் இருந்து யோசிக்க வேண்டும். நாவல்காரர் ஒரு வரியில் கைகழுவிய பொறுப்பு எங்கள் தலையில் மாதக்கணக்கான வேலையாக வந்து விழும். இதை நான் நன்றாக அறிந்திருந்தேன். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எங்கள் இரண்டாவது கேம் அது. வெளிநாட்டு வெளியீட்டாளர் ஒருவர் எடுத்துக்கொண்ட முதல் கேமும் அதுதான். நாயகனின் நாடு செம்மண் நாடு. ஆழக் கிணறுகள், வாழைத்தோட்டம், பனை வேலி. எதிரிகள் கடலால் வருவார்கள். கறுத்த மேனி, கறுத்த படகு. 'கரும்படகர்' என்று பெயர் வைத்தேன். வந்து இறங்குவார்கள், ஊரை எரிப்பார்கள், நாயகனின் வாளுக்கு விழுவார்கள். நல்லவர்கள் என்னுடைய மண்ணில், கெட்டவர்கள் கரையில். அதை வரைந்த நாளில் எனக்கு அது தற்செயலாகத்தான் பட்டது. இன்று தற்செயல் என்று சொல்ல வாய் கூசுகிறது.

கதையின் ஐந்தாம் கட்டத்தில் நாயகன் கடல் கடக்க வேண்டும். அதற்கு உதவி செய்ய நல்ல கடலோடிகள் சிலரை எழுதியிருந்தேன். அவர்களுக்குக் குரல் தேவைப்பட்டது. இப்போது உங்கள் ஒலிப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிற தர்சினி அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வடமராட்சிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர், மீன்பிடிக் குடும்பம். தன் அப்பாவும் கூட்டாளிகளும் கரைவலை இழுக்கும்போது அலுப்புத் தெரியாமல் அம்பா என்ற பாட்டுப் பாடுவார்கள், கூட்டி வரட்டுமா என்று அவர்தான் கேட்டார். கூட்டி வாரும் என்றேன்.

நான்கு பேர் பஸ்ஸில் வந்திறங்கினார்கள். வெள்ளை வேட்டி, சேட்டுக் கையை முழங்கை வரை ஒரே அளவாக மடித்திருந்தார்கள். கந்தோருக்கென்று பனையோலைச் சரை ஒன்றில் சுற்றிய பனங்கட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களை அந்தச் சின்ன ஒலிப்பதிவு அறைக்குள் நிறுத்தி, பாடுங்கள் என்றோம். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தர்சினியின் அப்பா கடைசியில் வெட்கத்தோடு சொன்னார், கயிறு இல்லாமல் வராது என்று.

கீழே போய்க் கிணற்றுக் கயிற்றைக் கழற்றிக் கொண்டுவந்தோம். அதற்கும் சரிவரவில்லை. கயிற்றின் மற்றப் பக்கத்தில் பாரம் வேண்டும், வலை இழுபட வேண்டும். ஆகவே நானும் பொறுப்பாளரும் கதவுக்கு வெளியே நின்று மற்றத் தலைப்பைப் பிடித்து எங்கள் பலத்துக்கு இழுத்தோம். அவர்கள் பாடிப் பாடி எங்களை அறைக்குள் இழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு இழுப்பு முடியும்போதும் தர்சினியின் அப்பாவின் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வந்தது. அதுவும் பதிவாகியது. அன்று மத்தியானம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். நான் அவரை அண்ணை என்றேன், அவர் என்னை மாஸ்ரர் என்றார். போகும்போது, தாங்கள் கேமில் என்னவாக வருகிறோம் என்று கேட்டார். கடல் வீரர்களாக என்று சொன்னேன். அன்றைக்கு அது உண்மைதான்.

இரண்டு மாதம் கழித்து வெளியீட்டாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கேம் நீளம், ஐந்தாம் கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்பது ஒன்று. கரும்படகர் போடுகிற உறுமல் கடையில் வாங்கிய சத்தம், வேறு கேம்களிலும் கேட்டிருக்கிறோம், அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு பாஷை வேண்டும் என்பது மற்றது. பெரிய நாவல்களில் எழுத்தாளர்கள் ஓர் இனத்துக்கென்றே புதிதாகப் பாஷை உண்டாக்கியிருக்கிறார்களே, உங்களால் முடியாதா என்றும் கேட்டிருந்தார்கள். அந்த எழுத்தாளர்களுக்கு அதற்கு வருடக்கணக்கு இருந்தது. எங்களுக்குப் பத்து நாள் தந்தார்கள்.

கூட்டத்தில் எல்லோரும் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். எனக்குத்தான் யோசனை வந்தது. ஐந்தாம் கட்டம் போய்விட்டது, ஆனால் அந்த நான்கு பேரின் குரலும் பெட்டிக்குள் சும்மா கிடக்கிறது. அதை எடுத்துக் கரும்படகருக்குப் போட்டுவிடலாம் என்றேன். வெளிநாட்டில் விளையாடுகிறவர்களுக்கு அது இதுவரை காதில் விழாத புதுப்பாஷை. பொறுப்பாளரின் முகம் வெளித்தது. எனக்குள் ஒரு கர்வமும் வந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

தர்சினி மெதுவாகச் சொன்னார்: "சேர், அது அப்பாவின்ரை குரல்."

"குரல் தானே பிள்ளை. ஆள் ஆரெண்டு ஆருக்குத் தெரியப் போகுது?"

"தமிழ் தெரிஞ்ச ஆக்கள் விளையாடினால் விளங்குமே சேர்."

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றிருக்கலாம். ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். ஆனால் பத்து நாள் கெடு, எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பகிடியாக ஏதாவது சொன்னால் காரியம் முடிந்துவிடும் போலிருந்தது. சொன்னேன்: "கரைப்பக்கச் சனம் கதைக்கிறது எங்களுக்கே அரைவாசி விளங்காது. வெளிநாட்டிலை விளையாடுற உவைக்கென்ன விளங்கப் போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் தர்சினியைத் தவிர மற்ற எல்லோரும் என்னைப் போலத் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அரைவாசி விளங்காது என்பதும் பொய். எனக்கு முழுக்க விளங்கும். ஒரு தீபகற்பத்துக்குள் இருந்துகொண்டு, பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற சனத்தின் பேச்சு எனக்கு விளங்காது என்று சொல்வதில் ஒரு பெருமை எங்கள் வீடுகளில் உண்டு. அதை நான் பதவிசாக, படித்தவனாக, அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே எடுத்து விட்டேன்.

பொறுப்பாளர், உமக்குச் சரியா என்று தர்சினியிடம் கேட்டார். "சேர் சொன்னால் சரி தானே" என்றார் தர்சினி. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வேலைக்கு வந்து ஆறு மாதமான ஒருவர், வயதில் பெரியவர் ஆறு பேருக்கு முன்னால் இருந்து 'சரி தானே' என்று சொன்னால் அது சம்மதம் இல்லை. இதை மட்டும் வேண்டுமானால் சுவரில் ஒட்டுங்கள்.

வேலையைச் செய்ய வேண்டியவரும் தர்சினிதான், ஏனென்றால் ஒலிப் பகுதியில் வேறு ஆளில்லை. மூன்று நாள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருந்தார். அப்பாவின் பாட்டை வெட்டித் துண்டாக்கி, பாய்ந்து வரும்போது ஒன்று, வாளை ஓங்கும்போது ஒன்று என்று பொருத்தினார். விழும்போது என்ன போடுவது என்று பொறுப்பாளர் கேட்டபோது நான் எட்டிப் பார்த்து, அந்த இழுப்பு முடியும்போது வருகிற மூச்சைப் போடும் பிள்ளை, நன்றாகப் பொருந்தும் என்றேன். நன்றாகத்தான் பொருந்தியது. குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி, ஆளை அடையாளம் தெரியாமல் செய்யட்டுமா என்று தர்சினி ஒரு தரம் கேட்டார். இயல்பாக இருப்பதுதான் அழகு, விடும் என்றேன். வெளியீட்டாளர் மிகவும் பாராட்டி எழுதினார். அந்தப் பாராட்டை நான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், தர்சினிக்கும்தான்.

கேம் வெளிவந்தபோது யாழ்ப்பாண நகரில் ஒரு மண்டபம் எடுத்து விழா வைத்தோம். அழைப்புப் பட்டியல் போட்டவன் நான். குரல் தந்தவர்கள் என்ற வரிசையில் அந்த நான்கு பேரும் இருந்தார்கள். கைப்பழக்கத்தில் பெயரெழுதி அனுப்பிவிட்டேன். மண்டபத்தில் நெரிசலாக இருக்கும், வர வேண்டாம் என்று தர்சினி வீட்டில் சொல்லிப் பார்த்திருக்கிறார். தன் பெயர் எழுதி வந்த அழைப்பிதழைக் கையில் வைத்திருக்கிற மனிதர் எப்படி வராமல் இருப்பார்? நான்கு பேரும் வந்தார்கள். இரண்டு பேர் மனைவிமாரையும் கூட்டி வந்திருந்தார்கள். நான்தான் அவர்களை முன்வரிசையில் கொண்டுபோய் இருத்தினேன். இருத்திவிட்டுத் திரும்பும்போதுதான் திரையில் என்ன வரப் போகிறது என்பது நினைவுக்கு வந்தது.

பெரிய திரையில் கேம் ஓடியது. கல்லூரிப் பிள்ளை ஒருவர் மேடையில் இருந்து விளையாடினார். செம்மண் ஊர், கிணற்றடி, வாழை. பிறகு கடலில் கறுத்த படகுகள். கரும்படகர் இறங்கி ஓடி வந்தார்கள், மண்டபம் முழுவதும் அந்த அம்பா எழுந்தது. நான்கு பேரும் தங்கள் குரலை உடனே பிடித்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். தர்சினியின் அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சந்தோசம் ஐந்தாறு விநாடி இருந்திருக்கும். பிறகு முதலாவது ஆள் விழுந்தான். அந்த மூச்சு வந்தது. மண்டபம் கைதட்டியது.

அதற்குப் பிறகு பதினைந்து நிமிடம். ஒவ்வொருவன் விழும்போதும் அதே மூச்சு, அதே கைதட்டல். நான் பக்கச் சுவரோடு நின்று தர்சினியின் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழும்பிப் போகவில்லை. கோபமாகவும் தெரியவில்லை. வகுப்பில் பாடம் விளங்காத பிள்ளை முன்னுக்குச் சாய்ந்து பார்க்குமே, அப்படி இருந்தார். தர்சினி மண்டபத்துக்குள் இல்லை.

முடிந்ததும் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்தார்கள். நான் வாசல் பக்கம் நழுவப் பார்த்தேன். அவர் கோப்பையோடு என்னைத் தேடி வந்தார்.

"மாஸ்ரர், ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ அண்ணை."

"நாங்கள் ஏன் அந்த ஊரை எரிக்க வந்தனாங்கள்?"

நாங்கள் என்றுதான் கேட்டார். குத்திக் கேட்கவில்லை. கதையை எழுதியவன் நான், எனக்குத் தெரிந்திருக்கும், தான்தான் எங்கேயோ கவனிக்காமல் விட்டுவிட்டதாக நம்பிக் கேட்டார். முதல் கேமின் அரசர்களுக்கு அறுபது பக்கம் எழுதியவன், கரும்படகர் எதற்காக வந்தார்கள் என்பதற்கு அரை வரிகூட எழுதவில்லை. எழுத வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. நான் விழுந்து விழுந்து வாசித்த புத்தகங்கள் பலவற்றில் அந்தக் கூட்டம் அப்படித்தான் வரும், வந்து எரிக்கும், செத்துப்போகும். நான் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி என்றே எனக்குத் தோன்றியதில்லை.

அவர் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பொய் சொன்னேன்.

"அந்த அரசன்ரை பாட்டன் காலத்திலை அவையின்ரை கரையைப் பறிச்சுப்போட்டாங்கள் அண்ணை. வேலி போட்டு ஆக்களைக் கலைச்சு விட்டிட்டாங்கள். அதைத் திருப்பிக் கேக்கத்தான் வந்தவை."

அவர் கோப்பையைப் பக்கத்து மேசையில் வைத்தார். "அப்ப சரி," என்றார். "அப்பிடியெண்டால் வரத்தானே வேணும்." போய்க் கூட்டாளிகளுக்கும் அதைச் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள், ஒருவர் என்னைப் பார்த்துக் கை உயர்த்தினார். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, இன்னொரு ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற விஷயங்களை எண்ணினால் அந்த ஆறுதல்தான் முதலாவதாக வரும்.

திங்கட்கிழமை தர்சினி என் மேசைக்கு வந்தார். அப்பா ஒழுங்கையில் எல்லோருக்கும் அந்தக் கரை பறித்த கதையைச் சொல்லித் திரிகிறாராம். அந்த இடம் கேமில் எத்தனையாம் கட்டத்தில் வருகிறது, கொண்டுவந்து காட்டு என்று கேட்கிறாராம். "எனக்குத் தெரிய அப்பிடி ஒண்டும் அதுக்குள்ளை இல்லை. இருக்கோ சேர்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். தான் அப்பாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். நானே வீட்டுக்கு வந்து அண்ணையிடம் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. வேலையை விட்டுப் போவார் என்று பயந்தேன், போகவில்லை. போயிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும் என்று ஒரு நாள் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் போகவில்லை. இந்தக் கிழமை வேலை அதிகம், அடுத்த கிழமை திருவிழா, பிறகு மழை. கேமுக்குப் புதிய பதிப்பு அனுப்புகிற நேரத்தில், கரை பறித்த காட்சியை ஒரு பக்கத்தில் எழுதி வைத்தேன். நன்றாக வந்திருந்தது. நான் எழுதியவற்றுக்குள் நல்லதே அதுதான் என்று நினைக்கிறேன். அனுப்பவில்லை. அனுப்பினால் ஏன் இப்போது என்று பொறுப்பாளர் கேட்பார், அவருக்கு அந்தத் தேத்தண்ணி மேசைக் கதையைச் சொல்ல வேண்டி வரும். அந்தப் பக்கம் மேசை லாச்சிக்குள் கிடந்தது. பிறகு எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள், மாலை போட்டார்கள், நான் எதிரிகளுக்கும் உயிர் கொடுத்தவன் என்று ஒருவர் பேசினார். தர்சினி முன்வரிசையில் இருந்து கைதட்டினார்.

உங்கள் கடிதம் வந்தபோது இதை எழுதலாமா என்று தர்சினியிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் சொன்னார்: "எழுதுங்கோ சேர். ஆனால் அப்பாவுக்குச் சொல்லிப்போட்டு எழுதுங்கோ."

போன செவ்வாய்க்கிழமை தர்சினியின் ஊருக்குப் பஸ் எடுத்தேன். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அவருடைய அப்பா முற்றத்தில் கடதாசி விரித்து, படகு இயந்திரத்தைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். வயது போய்விட்டது, ஆனால் சேட்டுக் கையின் மடிப்பு அதே அளவாக இருந்தது. கதிரை கொண்டுவரச் சொன்னார். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடல் வீரர் என்று சொல்லிப் பதிவு செய்த குரலைக் கரும்படகருக்குப் போட்டது நான். கூட்டத்தில் கரைப்பக்கச் சனம் கதைக்கிறது விளங்காது என்று பகிடி விட்டது நான். அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதை எழுதவேயில்லை. கரை பறித்தது அந்த நேரத்தில் வாயில் வந்த பொய். ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன், பாதியில் வரிசை குழம்பிவிட்டது.

அவர் கையிலிருந்த துணியை மடித்துப் பக்கத்தில் வைத்தார். "பிள்ளை அந்தக் கிழமையே சொல்லிப்போட்டாள் மாஸ்ரர்," என்றார்.

இத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது. அப்படியானால் ஊரில் அந்தக் கதையைத் திருத்திச் சொல்லியிருப்பீர்களே என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். பேரன்மார் இப்போதும் அந்தக் கேமை விளையாடுகிறார்களாம். தாத்தாவின் குரல் வரும்போது ஓடி வந்து சொல்வார்களாம். ஒவ்வொரு முறையும் அவர்களை இருத்தி வைத்து, கரையைப் பறித்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் விடுவாராம். வேலி எங்கே போட்டார்கள், எத்தனை குடும்பத்தைக் கலைத்தார்கள் என்பது வரை இப்போது அவரிடம் இருக்கிறது. நான் எழுதாத கதையை அவர் வருடக்கணக்காக எழுதி முடித்திருக்கிறார்.

அது பொய் என்று தெரிந்துமா அண்ணை என்று கேட்டேன்.

"வேறை என்ன செய்யிறது மாஸ்ரர்," என்றார், இயந்திரத்தின் மேல் மறுபடி குனிந்துகொண்டு. "அதை விட்டால் நாங்கள் சும்மா ஊரெரிக்கப் போன ஆக்களாய்ப் போயிடுவம்."